முட்டைப் பெட்டியும் சிங்கப்பூர்க் கணக்கும்

“ஆறு வயசுப் பிள்ளைக்கு எந்தக் கணக்குப் புத்தகம் வாங்கலாம், டீச்சர்?”

பெர்மாஸ் ஜெயாவில் காலையில் நடக்கப் போனாலும் சரி, பாசார் மாலாமில் காய்கறி பொறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். கேட்பவர்களில் நிறையப் பேர் தாத்தா பாட்டிகள். காரணம் இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்குள்ள இளம் தம்பதிகள் பலருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளிலோ தொழிற்சாலைப் பேருந்திலோ கிளம்பினால்தான் பாலத்து நெரிசலைத் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். திரும்பி வரும்போது பிள்ளை சாப்பிட்டுத் தூங்கியிருக்கும். பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது பாட்டி. எழுத்தும் எண்ணும் அவர் மடியில்தான் தொடங்குகின்றன.

நானும் அப்படி ஒரு பாட்டி. ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். மகனும் மருமகளும் கடல் தாண்டி வேலைக்குப் போகிறார்கள். பேரனுக்கு ஆறு வயது, பேத்திக்கு நாலு. பேரன் முன்பு போய்க்கொண்டிருந்த பாலர் பள்ளியில் தினமும் ஒன்றிலிருந்து நூறு வரை எழுதி வரச் சொன்னார்கள். பென்சிலைக் கண்டாலே பிள்ளை கண்ணைக் கசக்க ஆரம்பித்தான். “அத்தை, கணக்கை மட்டுமாவது நீங்களே பாத்துக்கிறீங்களா?” என்று மருமகள் கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் சமையலறை மேசைதான் வகுப்பறை.

கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நல்ல கணக்குப் புத்தகங்கள் ஐந்தாறு இருக்கின்றன. அவற்றில் எதை எடுத்தாலும் பிள்ளை கெட்டுப்போகாது. எடுத்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அச்சிட்டபடியே நடத்தினால்தான் கெடுதல்.

புத்தகம் வாங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை முன் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையை வைத்து, “பதின்மூணு எடுத்துக் குடு” என்று கேளுங்கள். இதைச் சொன்னவுடன், “நூறு வரைக்கும் சொல்லும் டீச்சர், இங்கிலீஷ்லயும் சொல்லும்” என்று பெருமையோடு பதில் வரும். நூறு வரை ஒப்பிப்பது வேறு, பதின்மூன்றை எண்ணி எடுத்து நிறுத்துவது வேறு. எடுத்துக்கொண்டே போய் நிறுத்தத் தெரியாத பிள்ளைக்கு, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது இன்னும் பிடிபடவில்லை. கேரன் வின் என்ற உளவியல் ஆய்வாளர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் சிறு பிள்ளைகளிடம் வைத்த சோதனையும் இதேதான்: இத்தனை பொருள் எடுத்துக் கொடு என்று கேட்பது. எண்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளில் பலர், இரண்டு மூன்றுக்கு மேல் கேட்டால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். அந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்குக் கூட்டல் புத்தகம் வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை.

என் வீட்டிலேயே இரண்டு பிள்ளைகளும் இரண்டு விதம். பேரன் ஐந்து வயதில் தடங்கலில்லாமல் நூறு வரை சொன்னான். எட்டிலிருந்து பின்னோக்கிச் சொல் என்றால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். பேத்திக்கு இருபதுக்கு மேல் வாயில் வராது. ஆனால் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வா என்றால் தாத்தாவையும் சேர்த்து எண்ணிச் சரியாகக் கொண்டுவந்து வைப்பாள். ஒரே கூரையின் கீழ் வளரும் இருவருக்கே ஒரே பக்கம் பொருந்தவில்லை. வயதைப் பார்த்து அட்டையில் ‘5–6’ என்று அச்சிட்டதை நம்பி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதி தெரிந்துகொண்டு பயப்படுகிறவர்களும் உண்டு, தெரியாமலே துணிகிறவர்களும் உண்டு. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் பின்னர் சேர்த்த 29ஏ பிரிவின்படி, 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். ஆண்டின் முதல் நாளில் ஆறு வயது நிரம்பிய மலேசியப் பிள்ளையை அந்த ஆண்டில் பள்ளியில் சேர்த்தாக வேண்டும். மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கல்வி அமைச்சரின் விலக்கு பெற்றவர்கள் வீட்டிலேயே தொடரலாம். ஆகவே நம்மில் பெரும்பாலோருக்கு வீட்டுக் கணக்கு என்பது பள்ளிக்கு முந்திய ஆண்டுகளும், பள்ளி தொடங்கிய பிறகு சாயங்கால ஒரு மணி நேரமும்தான். விலக்கு பெற்று முழு நேரமும் வீட்டில் கற்பிப்பவர்களுக்கும் நான் சொல்வது பொருந்தும். அவர்களுக்கு நேரம் கூடுதல், அவ்வளவுதான்.

காசு கொடுக்காமல் கிடைப்பதிலிருந்து ஆரம்பிப்போம். எந்த ஆண்டில் எந்தப் பாடம், பிள்ளை எதைச் செய்து காட்ட வேண்டும் என்று கல்வி அமைச்சு வெளியிடும் ஆவணம் ஒன்று உண்டு. ஆசிரியர்கள் டி.எஸ்.கே.பி. என்போம். தமிழ்ப்பள்ளிக் கணிதத்துக்குரியது தமிழிலேயே இருக்கிறது. 2017-இல் திருத்தப்பட்ட கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு 100 வரையுள்ள எண்கள். இரண்டாம் ஆண்டில் 1,000 வரை, மூன்றாம் ஆண்டில் 10,000 வரை. ஏழு வயதில் நூறு போதும் என்று நாட்டின் பாடத்திட்டமே சொல்கிறது. அப்படியிருக்க, ஐந்து வயதுப் பிள்ளையை இருநூறு முந்நூறு என்று எழுதவைத்து அழவைப்பது எதற்கு? இந்த ஆவணத்தைப் பாடப்புத்தகமாக நடத்த முடியாது. அது எல்லையைக் காட்டும் வரைபடம். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தால், போகும் வழியில் நின்று நிதானமாகப் பார்க்கத் துணிவு வரும்.

அடுத்தது எல்லாரும் விரும்பிக் கேட்கும் சிங்கப்பூர்க் கணக்கு. செனிபோங் கரையில் நின்றால் எதிரே தெரியும் ஊர் அது. அதன் புத்தகங்களுக்கு நம் ஊரில் தனி மரியாதை. அதன் கதையைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

சிங்கப்பூர் 1980-இல் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் ஒன்றை அமைத்தது. டாக்டர் கோ தெக் ஹொங் தலைமையில் ஒரு குழு தொடக்கப்பள்ளிக் கணக்கை அடியிலிருந்து திருத்தி எழுதியது. 1982 முதல் ‘பிரைமரி மேத்தமேட்டிக்ஸ்’ நூல்கள் பள்ளிகளுக்குப் போயின. பிள்ளைகள் பலர் வாக்கியக் கணக்கில் தடுமாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தடுமாற்றத்துக்கு மருந்தாகத்தான் பட்டை வரைந்து கணக்குப் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் எழுதியதை ஒட்டி மூன்று படிகளை வைத்தார்கள். முதலில் பிள்ளை பொருளைக் கையால் தொட்டு நகர்த்த வேண்டும். பிறகு அதையே படமாகப் பார்க்க வேண்டும். எண்ணும் குறியும் கடைசியில்தான். 1995-இல் நடந்த டிம்ஸ் என்னும் அனைத்துலகக் கணித அறிவியல் ஆய்வில் சிங்கப்பூர் முதலிடம் பிடித்ததும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1998-இல் ஒரு தம்பதி அந்த நூல்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விற்கத் தொடங்க, அங்கே வீட்டில் கற்பிக்கும் குடும்பங்களிடையே அது வேரூன்றியது.

அதே டிம்ஸ் ஆய்வில் நம் கதை வேறு. நம் இரண்டாம் படிவ மாணவர்கள் 1999-இல் கணிதத்தில் 519 புள்ளிகள் பெற்றார்கள். 2023-இல் 411. சிங்கப்பூர் அதே இரண்டு ஆண்டுகளில் 604, 605. இந்த நான்கு எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. நான் வகுப்பறையில் நின்ற காலமும் அந்த இடைவெளிக்குள்தான் அடங்குகிறது. ஒரு நீரிணைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிறக்கும் பிள்ளைகளுக்கு மூளையில் வித்தியாசம் கிடையாது.

அதனால்தான் பெற்றோர் சிங்கப்பூர்ப் புத்தகத்துக்கு ஓடுகிறார்கள், புரிகிறது. ஆனால் அவர்கள் வாங்கி வருவது பெரும்பாலும் பயிற்சி நூல் மட்டும். மூன்று படிகளில் கடைசிப் படி அது. கையால் நகர்த்துவதும் பேசிப் பார்ப்பதும் ஆசிரியர் கையேட்டில் இருக்கின்றன, அதை யாரும் வாங்குவதில்லை. கடையில் அது கண்ணில் படுவதும் அபூர்வம். மாமியார் கையில் பயிற்சி நூலைக் கொடுத்து, “தினமும் ரெண்டு பக்கம் போடச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு மருமகள் வேலைக்குப் போகிறாள். பிள்ளை விரலை மடக்கி மடக்கி விடை எழுதுகிறது. அங்கே நடப்பது பழைய பயிற்சிதான். சிங்கப்பூர் என்பது அட்டையோடு நின்றுவிடுகிறது.

எட்டும் ஐந்தும் கூட்டுவதை எங்கள் மேசையில் எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். நம் ஊர்க் கடைகளில் முட்டை பத்து பத்தாகப் பெட்டியில் வருகிறது, ஐந்து குழி வீதம் இரண்டு வரிசை. உலகமெங்கும் ஆசிரியர்கள் காகிதத்தில் கட்டம் போட்டு உண்டாக்கும் பத்துக் கட்டம் அதுவேதான். அமெரிக்காவில் முட்டை டஜனாக வருவதால் அங்குள்ள பெற்றோர் பெட்டியில் இரண்டு குழியை வெட்டி எறிகிறார்கள். நமக்கு அந்த வேலையும் இல்லை. காலிப் பெட்டிகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். குழியில் வைக்க ஆனைக்குன்றிமணி, இங்கே பிள்ளைகள் சாகா விதை என்று பொறுக்குவார்களே, அந்தச் சிவப்பு விதை. (கறுப்பு முனை உள்ள சின்னக் குன்றிமணி நஞ்சு. அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. நாலு வயதுக்குக் கீழே வாயில் போடும் பிள்ளை இருந்தால் சாகா விதையும் வேண்டாம், பெரிய பொத்தான் வையுங்கள்.)

முதல் பெட்டியில் எட்டு விதை. இரண்டாவதில் ஐந்து. “மொத்தம் எத்தனைடா?” என்றால் முதலில் ஒன்றிலிருந்து எண்ணினான். சில வாரம் அப்படியே விட்டேன். பிறகு ஒரு நாள், “மொதப் பெட்டி நெறையலையே, இன்னும் எத்தனை வேணும்?” என்று கேட்டேன். இரண்டு காலிக் குழி கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து நிரப்பினான். அங்கே மூன்று மிச்சம். கொஞ்ச நேரம் இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். “பத்தும் மூணும், பதின்மூணு பாட்டி!” என்றான். விரல் மடக்கவில்லை. மறுநாள் ஒன்பதும் ஆறும் கொடுத்தபோது விதையைத் தொடாமலே, “ஒண்ணு அங்க போயிரும்” என்றான். அந்த வார்த்தை எனக்குப் போதும். பத்தை நிரப்பிவிட்டு மிச்சத்தைப் பார்க்கும் இந்தப் பழக்கம் உள்ளே போய்விட்டால், பின்னால் நாற்பத்தெட்டோடு ஐந்து கூட்டும்போதும் அதுவே கைகொடுக்கும்.

இதற்கு முன்னால் பத்தின் கூட்டாளிகளை, ஏழுக்கு மூன்று, ஆறுக்கு நான்கு என்பதை, மாதக்கணக்கில் விளையாடியிருந்தோம். எந்தப் பயிற்சி நூலும் அதற்கு நாலைந்து பக்கத்துக்கு மேல் கொடுக்காது. வீட்டில் கற்பிப்பவருக்கு உள்ள பெரிய வசதி இதுதான். வகுப்பில் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளைக்காக நான் ஒரு மாதம் நிற்க முடியாது. அதிகாரி வருவார், பாடத்திட்டம் ஓடும். வீட்டில் நிற்கலாம். நிற்கும் உரிமையைப் பயன்படுத்தாமல் பள்ளியைவிட வேகமாக ஓடும் பெற்றோரைப் பார்க்கும்போது, கையில் உள்ள செல்வத்தை வீசி எறிகிறார்களே என்று இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து வரும் தொகுப்புகளும் நம் வட்டாரத்தில் சிலர் வீடுகளில் உண்டு. ஜோன் காட்டர் உருவாக்கிய ‘ரைட்ஸ்டார்ட்’ ஐந்து ஐந்தாக நிறம் மாறும் மணிச்சட்டத்தையும் சீட்டு விளையாட்டுகளையும் வைத்து நடக்கிறது. ‘மேத்-யூ-சீ’ கட்டைகளை அடுக்கவைக்கிறது. இரண்டும் நல்லவை. பிள்ளையின் கையை வேலை செய்யவைப்பவை. தினம் கொஞ்சம் புதியது, நிறையப் பழையது என்று சுற்றிச் சுற்றி வரும் ‘சாக்ஸன்’ சில பிள்ளைகளுக்கு ஒத்துப்போகும், என் பேரன் போன்ற பிள்ளைக்குச் சலித்துவிடும். ஆனால் எதை வாங்கினாலும் கத்திரிக்கோலோடு உட்கார வேண்டும்.

உதாரணத்துக்குக் காசுப் பாடம். அமெரிக்க நூல்களில் 1, 5, 10, 25 காசு நாணயங்களுக்குப் பக்கம் பக்கமாகப் பயிற்சி இருக்கும். நம்மிடம் 25 சென் கிடையாது. 5, 10, 20, 50 சென்தான். ஒரு சென் நாணயத்தை 2008 ஏப்ரலிலேயே புழக்கத்தில் ஒதுக்கி, மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்கு முழுமைப்படுத்தும் முறை வந்துவிட்டது. அந்தப் பக்கங்களைப் பிள்ளைக்கு நடத்தினால் வீண் குழப்பம். முழுதாகக் கிழித்து வைத்துவிடுங்கள். சிங்கப்பூர் நூலில் இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் நாணயமும் 5, 10, 20, 50 தான். டாலரை ரிங்கிட் ஆக்கினால் முடிந்தது. நம் நாணயத்தில் இன்னொரு விஷயம், 5 சென்னும் 10 சென்னும் வெள்ளை நிறம், அளவிலும் கிட்டத்தட்ட ஒன்று. 20-உம் 50-உம் மஞ்சள். என் பேத்தி நிறத்தைப் பார்த்து மஞ்சளெல்லாம் “நெறைய காசு” என்று பிரித்து வைக்கிறாள். அதிலிருந்தே ஆரம்பித்தோம். பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கோப்பிக்கடைக்குப் போகும்போது சில்லறை கொடுத்து அனுப்புகிறோம். ஐந்து இருபது சென் சேர்ந்தால் ஒரு ரிங்கிட் என்பதை அவன் கற்றது கல்லாப்பெட்டி முன்னால்.

அங்குலம், அடி, பவுண்டு, பனிக்கால வெப்பநிலை எல்லாம் அப்படித்தான். சென்டிமீட்டரும் கிராமும் கிலோவும் நம் சமையலறையிலேயே இருக்கின்றன. வாக்கியக் கணக்கில் பனிமனிதன் வந்தால் ரம்புத்தான் ஆக்கிவிடுங்கள், எண்ணை மட்டும் மாற்றாமல் வையுங்கள்.

எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து வயதுப் பிள்ளையின் கைக்கு எழுத்து ஒரு தனி உழைப்பு. கணக்கு இன்னொரு உழைப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் சுமத்தினால், யோசிக்க வேண்டிய பிள்ளை 3-ஐ எந்தப் பக்கம் திருப்புவது என்று போராடிக்கொண்டிருக்கும். நான் அவன் வாயால் சொல்ல விடுகிறேன், நானே எழுதுகிறேன். பக்கத்தில் பத்துக் கணக்கு இருந்தால் நாலைத் தேர்ந்தெடுப்பேன். அந்த நாலும் சரியாக வந்தால் மீதி ஆறும் எதற்கு? தவறாக வந்தால் மீதி ஆறும் தவறாகத்தான் வரும், பெட்டியையும் விதையையும் எடுப்பதே வழி. 3, 7 திருப்பி எழுதுவது அந்த வயதில் சாதாரணம். அதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் கணக்கில் தவறு என்று சொல்லாதீர்கள்.

பட்டை வரையும் முறையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது ஏழு எட்டு வயதுக்கு மேல்தான் முழுப் பலன் தரும், ஆனால் விதையை இப்போதே போடலாம். “அண்ணன்கிட்ட 12 கோலி, தங்கச்சிகிட்ட அவனைவிட 4 குறைவு, ரெண்டு பேருக்கும் சேத்து எத்தனை?” என்ற கணக்கில், ‘குறைவு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கழிக்கும் பிள்ளை 8 என்று விடை சொல்லி நிறுத்திவிடும். காகிதத்தில் ஒரு நீளப் பட்டை, அதன் கீழே நாலு அளவு குட்டையாக இன்னொரு பட்டை வெட்டி வைத்துப் பாருங்கள். தங்கச்சி பட்டை 8 என்பதும், கேட்டது இரண்டும் சேர்ந்து என்பதும் பார்வையிலேயே விழும். விடை 20. சொல்லைத் தேடிக் கணக்குப் போடும் பழக்கத்தை நான் எத்தனையோ ஆண்டு ஆறாம் ஆண்டு வகுப்பில் அழிக்கப் பாடுபட்டிருக்கிறேன். வீட்டில் அது முளைக்காமலே பார்த்துக்கொள்ளலாம்.

மொழி. இதைத் தொட்டால் நம்மவர்கள் இரண்டு அணியாகிவிடுவார்கள், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது நான் முதலாம் ஆண்டு வகுப்பில் நின்றேன். கூட்டத் தெரிந்த பிள்ளைகள் கேள்வி புரியாமல் என் முகத்தைப் பார்த்தார்கள். 2009-இல் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்து, பிறகு தமிழுக்குத் திரும்பினோம். இப்போது வீட்டில் என் புத்தகம் ஆங்கிலத்தில், என் பேச்சு தமிழில். நான் கேள்வியை மனதுக்குள் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, பேரனுக்குத் தெரிந்த ஆட்களையும் பொருளையும் வைத்துத் தமிழில் கதையாகச் சொல்கிறேன். விடை கண்ட பிறகு, “இதை இங்கிலீஷ்ல இப்படிக் கேப்பாங்க” என்று வாசித்துக் காட்டுகிறேன். சிந்தனை அவன் வீட்டு மொழியில் நடக்கட்டும், பெயர்கள் மூன்று மொழியிலும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத பாட்டிகள் இதனால் தயங்க வேண்டியதில்லை. கணக்குச் சொல்லித்தர அவர்களிடம் இருக்கும் தமிழ் தாராளமாகப் போதும்.

பழையதை எல்லாம் தூக்கி எறி என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். நம் முன்னோரின் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று காசையும் நெல்லையும் அளந்து பழகினார்கள். முக்கால், அரைக்கால், மாகாணி என்று பின்னம் வாயில் புழங்கிய சமூகம் நாம். வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு இதைப் பற்றி விரிவாக ஆய்ந்து எழுதியிருக்கிறார். அங்கே மனப்பாடம் சந்தையோடும் வயலோடும் கட்டிப்போட்டு இருந்தது. ஆகவே வாய்பாட்டுக்கு நான் எதிரி இல்லை. மூன்று மூன்றாக விதையை அடுக்கி, நாலு வரிசை பன்னிரண்டு என்று பிள்ளை கண்டுவிட்ட பிறகு மூன்றாம் வாய்பாட்டை ராகம் போட்டுச் சொல்லட்டும். அப்படிச் சொன்னது வயசானாலும் மறக்காது.

விளையாட்டையும் பாடமாகவே எண்ணுங்கள். கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிட்ட நேர்க்கோட்டுப் பலகையில் சில தடவை மட்டும் விளையாடிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எண்ணறிவு தெளிவாகக் கூடியது. எண் இல்லாமல் நிறம் மட்டும் இருந்த பலகையில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் பரமபதம் போதும். ஒரே ஒரு விதி: 23-ஆம் கட்டத்தில் இருந்து நாலு விழுந்தால் “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்று நகராமல், “இருபத்திநாலு, இருபத்தஞ்சு” என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகரச் செய்யுங்கள். பல்லாங்குழி வீட்டில் இல்லையென்றால் மலாய்க்காரர் வீட்டுச் சொங்காக் பலகை எந்த ஊரிலும் கிடைக்கும். இரண்டும் உடன்பிறந்தவை போலத்தான். குழியில் எத்தனை விதை, கடைசி விதை எங்கே விழும் என்று கணிக்கும் பிள்ளை, பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் தன்னை அறியாமல் தயாராகிறது.

பயிற்சித்தாள் மையத்துக்கோ மணிச்சட்ட வகுப்புக்கோ அனுப்பலாமா என்பார்கள். வேகம் வரும். நான்கு வயதில் அந்த வேகத்துக்கு என்ன அவசரம் என்பதே என் கேள்வி. “பின்தங்கிவிடுமே” என்று பயப்படும் பெற்றோருக்கு லூயி பெனசெட்டை நினைவூட்டுவேன். அமெரிக்காவில் மான்செஸ்டர் என்ற நகரத்தின் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த அவர், 1929-இல் தொடங்கி, சில பள்ளிகளின் கீழ் வகுப்புகளில் முறையான எண்கணிதப் பாடத்தையே நிறுத்திப் பார்த்தார். அதற்குப் பதில் பிள்ளைகள் பேசினார்கள், நீளமும் நேரமும் விலையும் கணித்துச் சொன்னார்கள். மேல் வகுப்பில் பாடம் தொடங்கியதும் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடித்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் நான் போகச் சொல்லவில்லை. ஆறு வயதில் ஒரு பக்கம் தள்ளிப்போனால் வாழ்க்கை போய்விடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது நம் சமூகத்திடம் ஒரு கோரிக்கை. புத்தகக் கடையில் பிள்ளை எழுதுவதற்கான நூல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கற்பிக்கும் பாட்டிக்கு வழிகாட்டும் தமிழ் நூலுக்கும் அங்கே ஓர் இடம் வேண்டும். பெர்மாஸ் ஜெயா, மாசாய், பாசிர் கூடாங், தெப்ராவ் என்று இந்த வட்டாரம் முழுக்கப் பகலில் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் தாத்தா பாட்டிகள். அவர்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், தமிழ் நன்றாக வாசிப்பவர்கள், பொறுமை உள்ளவர்கள். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தமிழ்ப் பதிப்பாளர்களும் சேர்ந்தால் நாலிலிருந்து ஏழு வயது வரைக்குமான கணக்குக் கையேடு ஒன்றைக் கொண்டுவர முடியும். முப்பது பக்கம் போதும். பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். முட்டைப் பெட்டி, விதை, சென் நாணயம், பரமபதம், இவற்றை வைத்து என்ன கேட்பது, பிள்ளை தவறாகச் சொன்னால் அடுத்து என்ன கேட்பது, எப்போது நிறுத்துவது என்று எழுதியிருக்க வேண்டும். பள்ளியில் சேரப் பதிவு செய்யும் நாளிலேயே அதைக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிடலாம், அதற்குப் பிறகும் பிள்ளைக்கு வீட்டில் மாதக்கணக்கில் நேரம் இருக்கும். எழுதித்தர என்னைப் போல் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு தாமானிலும் இருக்கிறோம். கூப்பிடுங்கள், காசு வாங்காமல் வந்து உட்கார்ந்து எழுதுகிறோம்.